மடைக்குடியார் சூரியனை ஊரில் நிறுத்திய கதை

மடைக்குடி என்று ஓர் ஊர் உண்டு. பெயரில் இருக்கும் மடை வாய்க்கால் மடைதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், "அங்கே வாய்க்கால் எங்கே இருக்கு?" என்று சிரிப்பார்கள்.

அந்த ஊரிலும் நெல் விளைகிறது. அதற்குக் காரணம் மடைக்குடியார் இல்லை. விதைத்த நெல் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. அதனால் அது பாட்டுக்கு விளைந்துவிடுகிறது.

அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் அறுத்து, போரடித்து, நெல்லையெல்லாம் ஊர்ப் பொதுக் களத்தில் பரப்பியிருந்தார்கள். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் ஈரம் போய்விடும். தை நாலாம் தேதி நெல் வியாபாரியின் லாரி வரும். காய்ந்த நெல் என்றால் ஏற்றிக்கொண்டு போவார். ஈர நெல் என்றால் வெறும் லாரியாகத் திரும்பிவிடுவார். ஊர் மொத்தத்துக்கும் அந்த வருஷத்துச் சோறு, துணி, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்தக் களத்தில்தான் கிடந்தன.

போகிக்கு முதல் நாள் அடுத்த ஊர்க் குருக்கள் சைக்கிளில் வந்தார். காலைக்கூடக் கீழே ஊன்றாமல், களத்தில் நின்றவர்களிடம் சொன்னார்: "தை ஒண்ணாந்தேதி உத்தராயணம். அன்னியிலேர்ந்து சூரிய பகவான் வடக்கே போறார். நாளைக்குப் போகி, பழையதையெல்லாம் எரிச்சுடுங்கோ. மறுநாள் புதுப்பானையில பொங்கல் வெச்சு, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவரை உபசாரம் பண்ணுங்கோ."

சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரு காப்பி குடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தாரானால் இந்தக் கதை நடந்திருக்காது.

அவர் தலை மறைந்ததும் களத்திலேயே ஊர் கூடியது. நடுவில் நாட்டாண்மை வைரக்கண்ணு. ஊரிலேயே மெதுவாகப் பேசுகிறவர் அவர்தான். மெதுவாகப் பேசுவதால் ஆழமாக யோசிக்கிறார் என்று ஊர் நம்பியது. உண்மையில் அடுத்த சொல் என்னவென்று அவருக்கும் தெரியாது.

"சூரியன்..." என்றார் வைரக்கண்ணு. ஊர் காத்திருந்தது. "வடக்கே போறாராம்."

"வடக்கேன்னா எவ்வளவு தூரம்?" என்று கேட்டான் கூத்தையன். மரம் ஏறுகிறவன். ஊரிலேயே பலசாலி. எதைச் சொன்னாலும் செய்வான். ஏன் என்று கேட்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"தூரத்தை விடுடா. போயிட்டா நெல்லு எப்படிக் காயும்?" என்றாள் நாட்டாண்மையின் மனைவி செங்கமலம்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. நான்கு பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தவறுதலாகப் பக்கத்தில் இருந்தவர் தலையில் வைத்தார்.

"ஏன் போறாருன்னு எனக்குத் தெரியும்" என்று அம்மாசி எழுந்தான். அவன் வெங்காய லாரியில் கிளீனர். வருஷா வருஷம் தை மாதத்தில் வடக்கே எங்காவது இருப்பான்; அந்த வருஷம்தான் ஊரில் இருந்தான். போன இடத்திலெல்லாம் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியவன். விழித்திருந்த நேரத்தில் பார்த்ததுதான் அவனுடைய உலக ஞானம்.

"வடக்கத்திக்காரன் அவரைச் சும்மா விடறதில்லை. குஜராத்துல வீட்டு மொட்டை மாடியில ஏறிக் காத்தாடி விடறான். ஆயிரம் காத்தாடி, ஆயிரம் நூலு. எல்லாம் அவரைப் புடிச்சு இழுக்கத்தான். மராட்டியத்துல எள்ளுருண்டை குடுத்து, இதைத் தின்னு, இனிப்பாப் பேசுன்னு சொல்லிக்கறான். பஞ்சாப்ல தீ வளர்த்து, கடலையும் பொரியும் அதுல போடறான். அசாம்ல வைக்கோல்ல வீடே கட்டறான்."

"யாருக்கு வீடு?" என்றார் நாட்டாண்மை.

"சூரியனுக்குத்தான். வேற யாருக்கு? விடிஞ்சதும் அந்த வீடு குபுகுபுன்னு எரியும். நான் கண்ணால பார்த்தேன்."

"கட்டின வீட்டை எவனாவது எரிப்பானா?" என்று குறுக்கிட்டார் தம்புசாமி. ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் படிக்காத விஷயத்திலும் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. "அவன் எரிக்கலை. சூரியன் குடியேறியிருக்காரு. அவரு உள்ள போனா வீடு எரியாம என்ன செய்யும்?"

இந்த விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது.

"காத்தாடி, எள்ளுருண்டை, கடலை, சொந்த வீடு" என்று செங்கமலம் விரல் மடித்தாள். "நாம என்ன குடுக்கறோம்? வருஷா வருஷம் அதே பொங்கச் சோறு. நானா இருந்தாலும் வடக்கேதான் போவேன்."

வைரக்கண்ணு நெடுநேரம் வானத்தைப் பார்த்தார். "அப்படின்னா..." என்றார். கொஞ்சம் கழித்து, "எல்லாத்தையும் நாமளே செய்வோம்" என்றார். அந்த யோசனை யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் ஊர் கைதட்டியது.

மறுநாள் போகி. பழையதை எரிக்கச் சொல்லியிருந்தார் குருக்கள். மடைக்குடியில் பழையது என்றால் ஒன்றே ஒன்றுதான். இராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிப்பதற்கு வைத்திருப்பது. வீட்டுக்கு வீடு பழையச் சட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்கள்.

தீ மூட்டி முதல் சட்டியைக் கவிழ்த்தார்கள். தீ அணைந்தது. மறுபடி மூட்டி இரண்டாவது சட்டியைக் கவிழ்த்தார்கள். அதுவும் அணைந்தது. ஏழாவது சட்டி வரை முயன்ற பிறகு தம்புசாமி குந்தி உட்கார்ந்து சாம்பலை ஆராய்ந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம். தண்ணி ஊத்தினா நெருப்பு அணையும்போல."

ஊர் திகைத்து நின்றது. "இதை வெளியூர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று வைரக்கண்ணு எச்சரித்தார். "நாம கண்டுபுடிச்சது நம்மகிட்டயே இருக்கட்டும்."

பிறகு தண்ணீரை வடித்து, சோற்றைக் காயவைத்து, ஒருவழியாகக் கருக்கி முடித்தார்கள். நாற்றம் தாங்காமல் நாய்கள் ஊரைவிட்டுப் போயின. காலைச் சாப்பாடு இல்லாத வயிற்றோடு ஊர் வீடு கட்டக் கிளம்பியது.

மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலையெல்லாம் இழுத்து வந்து, களத்தின் ஓரத்தில், நெல்லுக்குப் பக்கத்திலேயே வீடு எழுப்பினார்கள். வாசல் கிழக்கே பார்த்தது. வாசலை எவ்வளவு அகலம் வைப்பது என்று விவாதம் வந்தது.

கூத்தையன் ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, சூரியனை விரலால் அளந்தான். "ஒரு வடை அளவுதான் இருக்காரு."

"தூரத்துல இருக்காருடா. கிட்ட வந்தா தோசைக்கல்லு அளவாவது இருப்பாரு" என்றார் தம்புசாமி.

எதற்கும் இருக்கட்டும் என்று முறம் அளவுக்கு வாசல் வைத்தார்கள். உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு சொம்புத் தண்ணீர். விசிறி வைக்கலாம் என்று செங்கமலம் சொன்னாள். அவரே வெயில், அவருக்கு வேர்க்குமா என்று தம்புசாமி கேட்டார். "சமைக்கறவளுக்கு அடுப்புச் சூடு தெரியாதா?" என்றாள் அவள். விசிறியும் வைத்தார்கள்.

அடுத்தது காற்றாடி. சாதாரணக் காகிதக் காற்றாடி சூரியனை இழுக்காது என்பதால், நாட்டாண்மை பொங்கலுக்கு வாங்கிய எட்டு முழ வேட்டியை மூங்கில் பிளாச்சில் கட்டினார்கள். கயிறுக்கு என்ன செய்வது? கோயில் தேர் இழுக்கும் வடக்கயிற்றைக் கொண்டுவரக் கூத்தையன் ஓடினான். தம்புசாமி பாய்ந்து அவனைப் பிடித்தார்.

"கெடுத்தியே! அதுக்குப் பேரு என்ன?"

"வடக்கயிறு."

"அப்ப அது எந்தப் பக்கம் இழுக்கும்?"

கூத்தையன் யோசித்தான். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வடக்கே!"

அந்த அபாயத்திலிருந்து தப்பிய ஊர், கிணற்று வாளிக்கயிற்றை அவிழ்த்துக் காற்றாடியில் கட்டியது. கூத்தையன் அதை இழுத்துக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினான். காற்றாடி எழும்பவில்லை. பரப்பியிருந்த நெல்தான் எழும்பியது. பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு, தரையிலிருந்து விடுவதால்தான் ஏறவில்லை, குஜராத்துக்காரன் மொட்டை மாடியிலிருந்து விடுகிறான் என்று அம்மாசி நினைவுபடுத்தினான். ஊரில் மொட்டை மாடி கிடையாது. பனைமரம் இருந்தது.

கூத்தையன் காற்றாடியை முதுகில் கட்டிக்கொண்டு ஏறி உச்சியில் கட்டிவிட்டு வந்தான். கயிற்றின் மறுமுனையைக் களத்துக் கல்லில் முடிந்தார்கள். இனிமேல் அந்தப் பக்கம் வரும்போது அவராகவே மாட்டிக்கொள்வார் என்று எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். நாட்டாண்மை மட்டும் அடிக்கடி திரும்பித் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டே போனார்.

பொங்கல் விடிந்தது. முதல் வேலையாக ஆளுக்கு ஓர் எள்ளுருண்டை கொடுத்தார் வைரக்கண்ணு. "தின்னுங்க. சாயங்காலம் சூரியன் மறையற வரைக்கும் இனிப்பாத்தான் பேசணும். ஒரு கடுஞ்சொல் காதுல விழுந்தாலும் அவரு வடக்கே திரும்பிடுவாரு."

ஊர் தின்றது. செங்கமலத்துக்குத்தான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை மரமண்டை என்றே கூப்பிட்டுப் பழகியவள். அன்றைக்கு மட்டும், "வெல்லமண்டை, அந்தப் பானையைத் தூக்குங்க" என்றாள்.

புதுப்பானையில் பாலும் அரிசியும் போட்டு அடுப்பில் ஏற்றினார்கள். அங்கேயும் ஒரு சிக்கல். பானை வடக்குப் பக்கம் பொங்கினால், வடக்கே போக நாமே வழிகாட்டியது மாதிரி ஆகிவிடும். ஆகையால் வடக்குப் பக்கம் ஒரு கல்லை அண்டைகொடுத்து, பானையைத் தெற்கே நன்றாகச் சாய்த்து வைத்தார்கள். பால் பொங்கும்வரை காத்திருக்கவில்லை. வைத்த உடனேயே தெற்குப் பக்கமாக முழுவதும் ஊற்றிவிட்டது.

"பொங்கலோ பொங்கல்!" என்று ஊர் கூவியது.

பால் ஊற்றி அடுப்பு அணைந்துவிட்டதால், காய்ந்த தென்னை மட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கொளுத்தினார்கள். அது சடசடவென்று பற்றிப் பொறி பறந்தது. ஒரு பொறி வைக்கோல் வீட்டின் கூரையில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று நாட்டாண்மையின் பழைய வேட்டியில்.

முதலில் பார்த்தவன் அம்மாசி. கத்த வாயைத் திறந்தான். எள்ளுருண்டை ஞாபகம் வந்தது.

"தேன் போன்ற நாட்டாண்மை அவர்களே" என்றான்.

"சொல்லு, என் கற்கண்டே" என்றார் வைரக்கண்ணு.

"தங்கள் வேட்டி நுனியில ஒரு அழகான பூ பூத்திருக்கு."

"அப்படியா ராசா! என்ன பூ?"

"செம்பருத்தி மாதிரி சிவப்பா இருக்குங்க. முதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு. இப்பக் கொத்துக் கொத்தாப் பூத்திருச்சு."

"பறிச்சு உங்க செங்கமலம் அக்காகிட்ட குடு. தலையில வெச்சுக்கட்டும்."

"பறிக்கலாங்க. கை சுடும்."

நாட்டாண்மைக்கே அந்தப் பூவின் மணம் தெரிந்தபோது அது முழங்காலுக்கு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தையும் கடுமையாகச் சொல்லவில்லை. "ஆகா, ஆகா, ஆகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடி மாட்டுத் தொட்டியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு களத்தை விட்டுப் போகும்வரை தொட்டியில் இருந்தபடியேதான் ஊரை நிர்வாகம் செய்தார்.

இதற்குள் வைக்கோல் வீடு குபுகுபுவென்று எரிந்தது. ஊர் பதறியது. தம்புசாமி மட்டும் இரண்டு கையையும் தூக்கினார். கண்ணில் நீர்.

"வந்துட்டாரு! குடியேறிட்டாரு!"

பிறகு அந்த ஊர் குதித்த குதியை என்ன சொல்ல! கிழவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மாசியைத் தோளில் தூக்கி வைத்துச் சுற்றினார்கள். "அசாமுக்குப் போகலை, நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு!" பஞ்சாபில் செய்கிறபடி கடலையும் பொரியும் அள்ளி வீசினார்கள். கடலை படபடவென்று வெடித்தது.

"ரசிச்சுத் திங்கறாரு" என்றாள் கூத்தையனின் மனைவி காசாம்பு.

"எல்லாம் சரி என் செல்லங்களா" என்றாள் செங்கமலம் திடீரென்று. "வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கால் அலம்பத் தண்ணி குடுத்தோமா?"

எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். விருந்தாளி மாதிரி உபசாரம் பண்ணச் சொல்லித்தானே குருக்கள் போனார்! கிணற்றில் கயிறு இல்லை. குளத்துக்கு ஓடினார்கள். குடம், அண்டா, தவலை, வாளி, கையில் கிடைத்த எல்லாவற்றிலும் மொண்டு வந்தார்கள். கால் எது என்று தெரியாததால் மேலிருந்து ஊற்றினார்கள்.

உஸ்ஸ்ஸென்று சத்தம் வந்தது.

"என்ன சொல்றாரு?" என்றார் தொட்டியிலிருந்து நாட்டாண்மை.

"சுகமா இருக்குங்கறாரு" என்றார் தம்புசாமி. "இன்னும் ஊத்துங்க."

நாற்பது குடம் ஊற்றினார்கள். முந்தின நாள்தான் ஏழு சட்டிப் பழையதைச் செலவழித்துக் கண்டுபிடித்த அந்த விஷயம் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஊற்றின தண்ணீர் கரியோடு சேர்ந்து களத்தில் ஓடி நெல்லுக்குள் புகுந்தது. அதை நெல்லைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

தீ அணைந்தது. அதே நேரத்தில், யார் செய்த பாவமோ, கிழக்கே திரண்டிருந்த மேகம் நகர்ந்து வந்து சூரியனை மூடியது. களம் இருண்டது. சில்லென்று காற்று அடித்தது.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். அங்கே சூரியன் இல்லை. எல்லாரும் கீழே பார்த்தார்கள். கரிந்த வைக்கோல், ஈரச் சாம்பல், பாதி வெந்த விசிறி.

கூத்தையன்தான் கேட்டான். "அணைச்சுட்டமோ?"

செங்கமலம் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூச்சு விடுகிற நேரத்தில் ஊர் மொத்தமும் அழுதது. இனிப்பாகப் பேச வேண்டும் என்பதற்காக, "ஐயோ சர்க்கரையே, ஐயோ பாகே" என்று சொல்லி அழுதார்கள்.

அழுது ஓய்ந்ததும் அடுத்த பிரச்சினை வந்தது.

"சாவு விழுந்தா மகனுக்குச் சொல்லி அனுப்பணும்" என்றார் வைரக்கண்ணு. "சூரியனுக்கு மகன் உண்டா?"

"உண்டு" என்றார் தம்புசாமி. "மூத்தவன் எமன்."

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

"எமன்கிட்ட போயி, உங்க அப்பாவை நாங்கதான் தண்ணி ஊத்திக் கொன்னோம்னு யாரு சொல்றது?" என்றான் அம்மாசி. எல்லாரும் அம்மாசியையே பார்த்தார்கள். அவனைத் தோளில் தூக்கியவர்கள்தான்.

"வேற மகன் இல்லையா?"

"இருக்காரு. சனி."

"அவருக்குத் தனியாச் சொல்ல வேண்டியதில்லை" என்றாள் செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு ரொம்ப நாளா நம்ம ஊர்லதான் இருக்காரு."

யாருக்கும் சொல்லாமல் நாமே காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானம் ஆனது. சாம்பலை அள்ளிப் பொங்கல் பானையில் போட்டார்கள். கடைசி ஆசை வடக்கே போவதாக இருந்ததால், குளத்தின் வடக்குப் படித்துறைக்குக் கொண்டுபோய்க் கரைத்தார்கள். கூத்தையன்தான் பானையைச் சுமந்தான். தலை மொட்டை அடித்துக்கொள்ளவும் அவன் தயாராக இருந்தான். பிறகு எல்லாரும் தலை முழுகிவிட்டு, எமனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். அன்று முழுவதும் மேகம் கலையவில்லை.

மறுநாள் காலை காசாம்புதான் முதலில் கதவைத் திறந்தாள். திறந்தவள், "ஐயோ!" என்று கத்தினாள். கிழக்கே தகதகவென்று சூரியன்.

ஊர் ஓடி வந்தது. சிலர் பேய் என்றார்கள். தம்புசாமி நெற்றியில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சூரியன் இல்லை. நம்மளோடதைத்தான் நேத்தே கரைச்சாச்சே."

"அப்ப இது யாரோடது?"

"எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"கீழப்பாளையத்துப் பக்கத்துலேருந்து."

"அப்ப அவங்களோடதுதான்."

கீழப்பாளையம் கிழக்கே இரண்டு மைல். அந்த ஊரின் சூரியன் வழி தவறி மடைக்குடிக்குள் வந்துவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போதுதான் செங்கமலம் களத்தைப் பார்த்தாள். நெல் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது.

"நல்ல நேரத்துலதான் வந்திருக்கு. வெளியில தெரியாம காயவெச்சுக்கலாமே" என்றாள்.

வைரக்கண்ணு நிமிர்ந்தார். அவருக்கு எரிந்த இடத்தில் இன்னும் வலி இருந்தது. ஆனால் நேர்மை குறையவில்லை. "அடுத்த ஊர்க்காரன் வெயில்ல நம்ம நெல்லைக் காயவெச்சா... அது திருட்டு. மடைக்குடிக்கு அந்தப் பேரு வேண்டாம். ஒரு மணி நெல்லு மேலகூட அவன் வெயில் படக்கூடாது."

ஊரில் இருந்த தார்ப்பாய், படுதா, கோணி எல்லாம் கொண்டுவந்து ஈர நெல்லை இழுத்து மூடினார்கள். ஓரங்களில் கல் வைத்தார்கள். ஓட்டை வழியாக வெயில் புகுந்த இடங்களில் ஆட்கள் படுத்து மறைத்தார்கள். இவ்வளவு நாணயமான ஊரை நான் கேள்விப்பட்டதில்லை.

சாயங்காலம் புதுக் கவலை வந்தது. சூரியன் கீழப்பாளையத்துக்குத் திரும்பாமல் ஊரைத் தாண்டி மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, எங்கேயோ போகுதே!" என்றான் அம்மாசி. "நாளைக்குக் கீழப்பாளையத்தான் வந்து, எங்க சூரியன் உங்க ஊருக்குள்ளதானே வந்துச்சு, எங்கேன்னு கேட்டா?"

"ஏற்கெனவே ஒண்ணைக் கொன்னவங்க நாம" என்றார் தம்புசாமி. "நம்ம பேச்சை யாரு நம்புவா?"

வைரக்கண்ணு கூத்தையனைப் பார்த்தார். கூத்தையன் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஓடு. புடிச்சு, பத்திரமாக் கொண்டுபோயி, விடியறதுக்குள்ள கீழப்பாளையத்துல விட்டுடு."

காசாம்பு நான்கு கட்டி வெல்லமும் ஒரு துண்டுக் கரும்பும் கட்டிக் கொடுத்தாள். கூத்தையன் சூரியனை நோக்கி ஓடினான். கண் கூசியதால் இரண்டு முறை வேலியில் மோதினான். எழுந்து மறுபடி ஓடினான். சூரியனும் அவனும் ஒன்றாக மறைந்தார்கள்.

விடிந்ததும் ஊர் முழுவதும் கிழக்கே பார்த்து நின்றது. சூரியன் கீழப்பாளையத்தில் சரியாக எழும்பியது.

"கொண்டுபோயிச் சேர்த்துட்டான்!" என்று அம்மாசி கத்தினான். காசாம்புவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அன்றைக்கும் அது மடைக்குடிக்கு மேலே வந்து மேற்கே போனது. மறுநாள் விடிந்தபோது திரும்பவும் கிழக்கே இருந்தது. கூத்தையன் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. "வர எங்கே நேரம்?" என்றார் தம்புசாமி. "ராத்திரியெல்லாம் தூக்கிட்டு நடக்கறான். விட்ட கையோட மேற்கே ஓடிக் காத்திருக்கணும்."

நாலாம் தேதி நெல் வியாபாரியின் லாரி வந்தது. அவர் இறங்கி ஒரு தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளிருந்து சூடான ஆவி முகத்தில் அடித்தது. நெல் முழுவதும் விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று முளைத்திருந்தது.

"என்னய்யா இது? மூணு நாளா இப்படி வெயில் அடிக்குது, எதுக்குய்யா மூடி வெச்சீங்க?"

"அது எங்க வெயில் இல்லீங்க" என்றார் வைரக்கண்ணு தலை நிமிர்ந்து.

வியாபாரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பனைமர உச்சியில் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் லாரியில் ஏறினார். ஏறியவர், "உங்க ஊர் கூத்தையனை நேத்து மேற்கே சந்தைப்பேட்டையில பார்த்தேன். டீக்கடையில கிளாஸ் கழுவறான். ஊருக்கு வரலையாடான்னு கேட்டேன். வரவே மாட்டேன்னுட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தது.

"பகல்ல சும்மா இருக்கற நேரத்துல டீக்கடையிலயும் வேலை பார்க்கறான் பாரு" என்று ஊர் வியந்தது. "உழைப்பாளி."

அந்த வருஷம் மடைக்குடி கஞ்சிக்கும் கையேந்தியது. அதைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்து கிழக்கே பார்ப்பார்கள். "நேரத்துக்குக் கொண்டுவந்துட்டான்" என்று திருப்தியோடு சொல்லிக்கொள்வார்கள். மழை நாளில், "பாவம், கூத்தையனுக்கு உடம்பு சரியில்லை போல" என்பார்கள்.

மாசி பிறந்ததும் காசாம்பு நாட்டாண்மை வீட்டுக்கு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, என் வீட்டுக்காரரு போயி ஒரு மாசம் ஆச்சு. எல்லா வேலைக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு. ஞாயித்துக்கிழமையாவது அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க."

வைரக்கண்ணு நெடுநேரம் யோசித்தார். பிறகு அவள் மேல் இரக்கப்பட்டு, மெதுவாகச் சொன்னார்:

"மத்த நாள்னாலும் கேட்டுப் பார்க்கலாம் தாயி. ஞாயித்துக்கிழமை ஞாயிறு இல்லாம எப்படி?"